நாற்பத்தாறு வயதில் பௌதிகம்

கல்விக்கு வயது வரம்பில்லை என்று பிறருக்கு எளிதாக எடுத்துரைக்கிறோம். அதையே நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய வேளை வரும்போதுதான் தயக்கம் தலைதூக்குகிறது.

திருமணத்திற்குப் பின் கலிபோர்னியாவில் குடியேறிய நான், அங்கு ஒரு தொடக்கப் பள்ளியில் உதவியாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்து வருகிறேன். ஆசிரியை ஆவதற்குப் பட்டம் தேவை. அதற்கு ஆய்வுக்கூடப் பயிற்சியுடன் கூடிய பௌதிக அறிவியலிலும் தேற வேண்டும். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கோ சூத்திரம் என்றாலே அச்சம். அந்த ஒரு பாடமே எனக்கும் கரும்பலகைக்கும் இடையே சுவராக நின்றது.

வழி திறந்தது சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவின் அரசுச் சமுதாயக் கல்லூரிகளுள் மூத்தது, 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் ஆறே மாணவர்களுடன் தொடங்கிற்று. இக்கல்லூரிகளில் இரண்டாண்டு பயின்று, எஞ்சிய இரண்டாண்டைப் பல்கலைக்கழகத்தில் நிறைவு செய்யலாம். கலிபோர்னியாவில் வாழ்வோருக்கு 2012 முதல் ஓர் அலகுக்குக் கட்டணம் 46 டாலர். நான்கு அலகுப் பாடத்திற்கு 184 டாலர். எங்களைப் போன்ற குடும்பத்திற்கு இது தாங்கக்கூடிய தொகையே.

மாலை வகுப்பில் என் மேசையில் அமர்ந்தோர் படையிலிருந்து திரும்பிய ஓர் இளைஞர், ஒரு பேருந்து ஓட்டுநர், பேரக்குழந்தைகளைக் கண்ட ஒரு மூதாட்டி. ஆசிரியர் நூலில் கட்டிய இரும்புக் குண்டு ஒன்றையும் மரக் குண்டு ஒன்றையும் தந்து, "எது விரைந்து ஆடும்?" என்று வினவினார். இரும்பே என்றனர் பலர். ஒரு மீட்டர் நூலில் பத்து ஆட்டத்திற்கு ஏறத்தாழ 20 விநாடி ஆயிற்று. இரண்டு குண்டுக்கும் அதே கணக்கு! கனமான பொருளைப் பூமி மிகுதியாக ஈர்க்கிறது. ஆனால் அதை அசைக்கவும் அதே அளவுக்கு மிகுதியான விசை வேண்டியிருக்கிறது. ஆகவே வேகம் மாறுவதில்லை. நூலை 25 சென்டிமீட்டராகக் குறைத்தோம், 10 விநாடியாயிற்று. நீளம் கால் பங்கானால் நேரம் பாதியாகும்.

அக்கணமே எங்கள் வீட்டு உத்திரத்தில் தொங்கிய ஏணை நினைவுக்கு வந்தது. கைக்குழந்தையை ஆட்டினாலும் இரண்டு வயதுப் பிள்ளையை ஆட்டினாலும் தாளம் ஏறக்குறைய ஒன்றே என்பதை என் கை முன்பே அறிந்திருந்தது. காரணத்தை மட்டும் எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பௌதிகம் அந்நியமான சாத்திரமன்று, நம் வீட்டில் நாள்தோறும் நடப்பதே என்று அன்று உணர்ந்தேன்.

இவ்வாறு எண்ணியவர் வேறொருவரும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் கற்பித்த பால் ஹியூவிட், முன்னர் விளம்பரப் பலகை வரைந்து பிழைத்தவர். கணக்கிற்கு முன்னே கருத்தை விளக்கி அவர் எழுதிய பௌதிகப் பாடநூல் 1971-இல் வெளிவந்து, உலகின் பல நாடுகளில் பயிலப்படுகிறது.

அப்பாடத்தில் நான் தேறிவிட்டேன். ஆசிரியையாக இன்னும் சில ஆண்டுகள் படித்தாக வேண்டும். வீட்டு வேலையும் பள்ளி வேலையும் குறையப் போவதில்லை. எனினும் "இதெல்லாம் எனக்கு எட்டாது" என்ற பழைய சொல் என் நாவில் இப்போது வருவதில்லை.

அன்னையரே, இன்றிரவே ஒரு நூலில் கல்லொன்றைக் கட்டிப் பிள்ளைகளோடு ஆட்டிப் பாருங்கள். எண்ணுவது அவர்களாக இருக்கட்டும். ஏன் என்று முதலில் வினவுவது நீங்களாக இருங்கள்.