கும்மிடிப்பூண்டி பஜாரில் ஷிஃப்ட் மாறும் நேரம்

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் ரயில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி தாண்டியதும் பெட்டி காலியாகிவிடும். கும்மிடிப்பூண்டிவரை வந்தவர்களில் பலர் ஹிந்தியோ ஒடியாவோ பேசினார்கள். மற்றவர்களின் தமிழில் தெலுங்கு வாடை. ஆந்திரா அவ்வளவு பக்கம்.

ஊரின் முதன்மைத் தெரு பழைய ஜி.என்.டி. சாலைதான். கல்கத்தா போகிற வண்டியெல்லாம் ஒருகாலத்தில் இந்தப் பஜாருக்குள் புகுந்துதான் போகும். இப்போது நெடுஞ்சாலை வெளியே ஓடுகிறது. லாரிகள் குறைந்தன, தெரு மட்டும் தேறவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் தூணுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி இந்த ஊர் ஆலைகளில் உருண்டு வந்ததுதான். பஜாரில் சாக்கடை மூடிக்குள் இருக்க வேண்டிய கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த மூடி மேலேயே பலகை போட்டு ஒருவர் பழைய சேஃப்டி ஷூ விற்றார். முனையில் இரும்பு வைத்தவை, ஜோடி ஜோடியாகக் கயிற்றில் தொங்கின. சிப்காட் தொழிற்பேட்டையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் நிற்கும் இடம் அதுதான் போல. வாங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் ஷூ முனையைத் தரையில் தட்டிப் பார்த்தார்கள்.

பஜாரைச் சீரமைப்பது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சென்னை பாண்டி பஜார். அதை 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாக மாற்றித் திறந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைபாதைக் கடைக்காரர்களை 2013-லேயே மாநகராட்சிக் கட்டடத்துக்குள் ஏற்றிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே வருபவர்கள் உலாவ வருகிறார்கள். இங்கே கம்பெனி பஸ்ஸுக்கு முன் கிடைக்கும் கால் மணி நேரத்தில் பூரி சாப்பிட்டு, ரீசார்ஜ் செய்து, ஓட வேண்டும். கிரானைட் பெஞ்சில் உட்கார யாருக்கு நேரம்? மூடிய சாக்கடை, பஸ் ஒதுங்கி நிற்க இடம், எரியும் விளக்கு, இவை போதும்.

திருவள்ளூரில் அமாவாசைக்கு வீரராகவப் பெருமாளைப் பார்க்க வரும் கூட்டத்தைக் காட்டி ரோடு கேட்கலாம். இங்கே கூட்டம் தினமும் வருகிறது. ஆனால் அதில் பலர் இந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இல்லை. தெருவின் அலங்கோலத்துக்கு நான் கண்ட காரணம் இதுதான்.

“ரோடு புதுசாப் போட்டா உங்களுக்கும் நல்லதுதானே அண்ணே?” என்று ஷூ விற்றவரிடம் கேட்டேன்.

“போடட்டும் சார். கடையை எங்க வெச்சுக்கணும்னு முன்னாடியே சொல்லிட்டுப் போடட்டும்.”

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது: கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.