சர்க்கரை ஊசி என்று சொன்னேன்

என் மனைவியிடம் ஒரு பொய்யை இரண்டு வருஷத்துக்கு மேல் காப்பாற்றினேன். எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது, அதற்குத்தான் வயிற்றில் ஊசி போடுகிறார்கள் என்பது அந்தப் பொய். எனக்குச் சர்க்கரை கிடையாது. இன்றைக்கும் இல்லை.

புற்றுநோயை மறைக்கவில்லை. 2019 ஜூனில் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை என்று போனேன். ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ 38 என்று வந்தது. சதை எடுத்துப் பார்த்து, புராஸ்டேட்டில் புற்று, எலும்புக்குப் பரவவில்லை என்றார்கள். அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன். அழுதார்கள், மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டார்கள், மகன் கடன் வாங்கினான். முப்பத்தைந்து நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தது ஊருக்கே தெரியும். எங்கள் ஊர் சேதராப்பட்டில் ஒருவன் தினமும் காலை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் மூன்றாம் நாள் டீக்கடையில் பேச்சு வந்துவிடும்.

மறைத்தது ஊசியைத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தொப்புளுக்குக் கீழே தடித்த ஊசியால் குத்தி, அரிசி மணி போல ஒரு மருந்துத் துண்டைத் தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள். அது கரையக் கரைய, விதைக்குப் போகிற உத்தரவு நின்றுபோகும். டெஸ்டோஸ்டிரோன் சுரக்காது. அதைத் தின்றுதான் இந்தப் புற்று வளர்கிறது. தீனி நின்றால் சுருங்கும். 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்கிற அமெரிக்க மருத்துவர் விதையையே எடுத்துவிட்டு இதைக் காட்டினார். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்று கத்தி செய்ததை இன்று ஊசி செய்கிறது. டாக்டர் இதைப் பக்குவமாகத்தான் விளக்கினார். என் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: காயடிப்பது. அவர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. நானாகக் கேட்டுக்கொண்டேன்.

புற்றுநோய் என்று சொன்னால் ஊர் இரக்கப்படும். இதைச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்று நினைத்தேன். மனைவி சிரிக்கமாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருபத்தொன்பது வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவன் நான். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்த கை. முதல் பீஸ் அளவு எடுத்துக் கையெழுத்துப் போடாமல் மெஷினை ஓட்ட விடமாட்டேன். அதனால்தான் அடுத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் ஊசி அன்றே டாக்டர் மூன்று விஷயம் எழுதினார்: கால்சியம், வைட்டமின் டி, டெக்ஸா ஸ்கேன். “இந்த ஊசி எலும்பை மெலிய வைக்கும் ஐயா. இப்பவே ஒரு அளவு எடுத்து வச்சுக்கிட்டா அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்” என்றார். முதல் பீஸ் அளவு. என் தொழில் பாஷையில் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்து, அந்தச் சீட்டை எல்ஐசி ரசீது வைக்கிற கவரில் போட்டேன்.

ஸ்கேன் எடுக்காததற்குச் செலவைக் காரணம் சொல்ல முடியாது. ஊசிக்கே அதைவிட அதிகம் ஆனது. கொரோனாவையும் சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில் எல்லைக்கு எல்லை தடுப்பு போட்டிருந்தபோது பாஸ் வாங்கிப் போய் ஊசி போட்டுக்கொண்டவன் நான். சர்க்கரைக்காரனுக்கு எலும்பு ஸ்கேன் எதற்கு என்று வீட்டில் கேட்பார்களே என்பதுதான் நிஜக் காரணம். எலும்புத் தேய்மானம் பொம்பளைங்க வியாதி என்கிற நினைப்பும் இருந்தது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு மெலிகிறது என்பது சரிதான். ஆனால் ஆண் உடம்பிலும் எலும்பைக் காப்பதில் பெரிய பங்கு அதே ஈஸ்ட்ரோஜனுக்குத்தான். டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு உடம்புக்குள்ளேயே அதுவாக மாறுகிறது. கிணறு வற்றினால் வாய்க்காலும் வற்றும். வயசானால் ஆணுக்கு வருஷத்துக்கு ஒரு சதவீதத்துக்குள் தேய்கிற எலும்பு, இந்த ஊசியில் முதல் வருஷத்திலேயே மூன்று நான்கு சதவீதம்கூடத் தேயும்.

பொய்க்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த ஊசியால் ராத்திரியில் உலைக்கதவைத் திறந்த மாதிரி உடம்பு தகித்து வேர்க்கும். எழுந்து மொட்டைமாடியில் போய் உட்காருவேன். “என்னாங்க ஆச்சு?” என்பாள். “சுகர் ஏறியிருக்கும்” என்பேன். பாவம், அவள் சர்க்கரைக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தாள். டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். சர்க்கரை இல்லாத பாலை நான் தொடவில்லை. தினம் ஒரு வேளை கேழ்வரகுக் களி போட்டாள். கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. என் பொய்யால் விளைந்த ஒரே நன்மை அது. கால்சியம் மாத்திரையோ மலச்சிக்கல் தருகிறது என்று மேசை டிராயரில் கிடந்தது. சாயங்காலக் குவார்ட்டரை மட்டும் நிறுத்தவில்லை. புதுச்சேரியில் குடிக்கக் காரணம் தேட வேண்டியதில்லை. நான் ஒன்று கைவசம் வைத்திருந்தேன். குடியும் எலும்பைக் கெடுக்கும் என்பது பிறகு தெரிந்தது.

பிஎஸ்ஏ மட்டும் நேரம் தவறாமல் பார்த்தேன். 38 இறங்கி இறங்கி 0.04-இல் நின்றது. அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவரிடமெல்லாம் காட்டினேன்.

புதுச்சேரி டவுனில் எனக்கு ஒரு நண்பர் உண்டு, சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, பிரான்ஸ் பென்ஷன் வாங்குகிறவர். அவரிடம் மட்டும் ஊசி விஷயத்தைச் சொன்னேன். அவர் மித்தரான் கதையைச் சொன்னார். பிரான்ஸ் ஜனாதிபதியான அதே 1981-இல், நவம்பரில், அவருக்குப் புராஸ்டேட் புற்று எலும்பு வரை பரவியிருப்பது தெரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு உடல்நல அறிக்கை வெளியிடுவேன் என்று நாட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தவர், நலம் நலம் என்றே அறிக்கை விட்டார். 1992-இல் அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் நாட்டுக்குத் தெரிந்தது. 1996 ஜனவரி 8-இல் இறந்தார். அவருடைய டாக்டர் கூப்ளேர் அதே மாதம் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட, நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. “அவர் ஒரு நாட்டுக்கு மறைச்சார், நீ ஒரு பொம்பளைக்கு மறைக்கிறே. அவருக்காவது கூட டாக்டர் இருந்தார்” என்றார் சொல்தா. சிரித்துவிட்டு வந்தேன்.

ஆம்பளை என்று எனக்கே நிரூபிக்க ஒரு வழி வைத்திருந்தேன். எங்கள் வீடு மாடியில். கேஸ் போடுகிறவர் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டுப் போவார். நிரம்பிய சிலிண்டர் முப்பது கிலோ வரும். மகன் வருவதற்குள் நானே தோளில் ஏற்றி, பதினெட்டுப் படி ஏறி, சமையலறையில் வைத்துவிட்டு மீசையைத் தடவுவேன். 2021 ஐப்பசியில், பத்தாவது ஊசி போட்ட பத்தாம் நாள், குனிந்து சிலிண்டரின் வளையத்தைப் பிடித்தேன். தரையைவிட்டு ஒரு சாண்கூட எழவில்லை. முதுகில் முறுக்குக் கடித்தது போல ஒரு சத்தம். நான் விழவில்லை, வழுக்கவில்லை. சிலிண்டரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

பிடிப்பு என்று சொல்லிச் சுளுக்கு வழிக்கிறவரிடம் போனேன். மூன்று வாரம். குப்புறப் படுத்துக்கொண்டு, உடைந்த எலும்பின் மேல் ஒருவர் எண்ணெய் போட்டு அழுத்த முதுகைக் கொடுத்தேன். எனக்குப் புற்று என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கையை எடுத்திருப்பார். பின்னால் ஸ்கேனில் இரண்டு முள்ளெலும்புகள் முன்பக்கம் நசுங்கி ஆப்பு போல இருந்தன. இரண்டாவது எப்போது நசுங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. சந்தேகம் மட்டும் உண்டு.

கடைசியில் மனைவிதான் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனாள். புற்று எலும்புக்கு வந்துவிட்டது என்றே இருவரும் நினைத்தோம். எம்ஆர்ஐ பார்த்த டாக்டர், “புற்று இல்லை ஐயா. எலும்பு மெலிஞ்சு நசுங்கியிருக்கு. டெக்ஸா எடுத்தீங்களா?” என்றார்.

“எடுத்தேன் டாக்டர். ரிப்போர்ட் வீட்ல இருக்கு.”

அந்த நிலையிலும் பொய். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “எந்த ரிப்போர்ட்டுங்க? சுகர் ரிப்போர்ட்டா?”

“யாருக்கு சுகர்?” என்றார் டாக்டர்.

அதற்கப்புறம் அந்த அறையில் நடந்ததை எழுதப்போவதில்லை. ஆட்டோவில் திரும்பும்போது ஊசுடு ஏரி வரைக்கும் அவள் பேசவில்லை. பிறகு, “இதுக்கா?” என்று ஒரே வார்த்தை கேட்டாள்.

டெக்ஸா எடுத்தேன். மேசையில் சும்மா படுத்துக்கிடக்க வேண்டியது, பத்து நிமிஷம். டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்குக் கீழே போனால் எலும்பு மெலிவு நோய். எனக்கு மைனஸ் 3.1. கதவு நிலையில் நின்று உயரம் அளந்தேன். பழைய பாஸ்போர்ட் உயரத்தில் மூன்று சென்டிமீட்டர் காணவில்லை. கம்பெனியில் 0.05 மில்லிமீட்டர் பிசகுக்கே பீஸைக் கழித்துச் சிவப்புப் பெயின்ட் அடித்தவன் நான்.

மகன் படித்துச் சொன்னான்: 2005-இல் அமெரிக்காவில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வைத்துக் கணக்கெடுத்ததில், நோய் கண்டு ஐந்து வருஷமாவது உயிரோடிருந்தவர்களில், இந்தச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு 19.4 சதவீதம் எலும்பு முறிவு, எடுக்காதவர்களுக்கு 12.6. நாலு வருஷம் கழித்து, டெனோசுமாப் என்கிற எலும்பு ஊசியை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 60 மில்லிகிராம் போட்டுப் பார்த்ததில், மூன்று வருஷத்தில் முதுகெலும்பு நசுங்கியவர்கள் 3.9 சதவீதத்திலிருந்து 1.5 ஆகக் குறைந்தார்கள். வழி இருந்தது. அந்த வழியின் முதல் படி என் எல்ஐசி கவரில் கிடந்தது.

எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப் என்று முடிவு செய்தார்கள். அதற்கு முன் கிட்னி பார்த்தார்கள், வைட்டமின் டி ஏற்றினார்கள், பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். இந்த மருந்துகள் ஏறியபின் பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகக்கூடுமாம். இரண்டு சொத்தைப் பல்லை எடுத்து, ஈறு ஆறும் வரை காத்திருந்துதான் முதல் டிரிப். அன்று ராத்திரி காய்ச்சலடித்தது, மறுநாள் விட்டது. குவார்ட்டர் நின்றது. இப்போது தினமும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருகிறேன். மனைவி எண்ணுகிறாள், நான் எண்ணினால் நம்பமாட்டாள்.

புராஸ்டேட் புற்றுக்கு இந்த ஊசி போட்டுக்கொள்கிற யாராவது இதைப் படித்தால், ஊசியின் பெயரையும் அது என்ன செய்கிறது என்பதையும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். முதுகு வலித்தால் எண்ணெய்க்காரரிடம் போகாதீர்கள். வலியோடு கால் வலுவிழந்தால், சிறுநீர் நின்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. புற்று தண்டுவடத்தை அழுத்தினாலும் அப்படித்தான் தொடங்கும்.

சிலிண்டரை இப்போது கேஸ் போடுகிறவரே மேலே கொண்டுவந்து வைக்கிறார். மாடி ஏற்ற முப்பது ரூபாய் வாங்குகிறார். முன்பும் அதே முப்பதுதான் கேட்டார்.