கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள்

பெர்லினுக்கு வடக்கே மில்டன்பெர்க் என்ற ஊரில் பழைய செங்கல் சூளை ஒன்று இருக்கிறது. 2015, 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் கோடை வந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே கூடாரம் அடித்துத் தங்கினார்கள். கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்னும் ஹேக்கர் சங்கம் 1999-ல் தொடங்கி, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடத்திவரும் முகாம் அது. ஹேக்கர் என்றதும் வங்கிக் கணக்கில் கைவைப்பவர்தான் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருகிறார். இவர்கள் வேறு ரகம். ஒரு பொருளைப் பிரித்துப் போட்டு, அது எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொண்டு, செய்தவர் நினைத்தே பார்க்காத வேலையையும் அதனிடம் வாங்கிவிடுவார்கள்.

அந்த முகாமில் என்னை மிகவும் கவர்ந்தது கழிப்பறைதான். திறந்தவெளியில் இணையக் கருவிகளை மழை படாமல் வைக்க வேண்டும், பூட்டவும் முடிய வேண்டும். அதற்காகப் பிளாஸ்டிக் நடமாடும் கழிப்பறைக் கூடுகளை வைத்து, உள்ளே இணைய சுவிட்சுகளைப் பொருத்திவிடுகிறார்கள். கூட்டுக்குக் கூடு கண்ணாடியிழைக் கேபிள் ஓடுகிறது. சாதாரண இணையக் கம்பி நூறு மீட்டருக்கு மேல் தாங்காது என்பதால், எந்தக் கூடாரத்திலிருந்தும் எட்டுகிற தூரத்தில் ஒரு கூடு நிற்கும். அவரவர் கம்பியை இழுத்து வந்து செருகிக்கொள்ள வேண்டியதுதான். கேபிள் புதைப்பது, வாசலில் நிற்பது, முதலுதவி, கடைசியில் குப்பை அள்ளுவது என எல்லாமே தொண்டர்கள் வேலை. அவர்களும் நுழைவுச்சீட்டுக்குப் பணம் கட்டித்தான் வருகிறார்கள். இந்தியாவில் 2014 முதல் இமயமலை அடிவாரத்தில், தரம்சாலா பக்கம், ஹில்ஹேக்ஸ் என்ற பெயரில் சிறிய அளவில் இதே பாணியில் கூடியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு எங்கள் புதுக்கோட்டை மாவட்டம்தான் நினைவுக்கு வருகிறது. 1991-ல் இங்கே அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும் என்று முடிவெடுத்தார். பாடம் சொல்லித்தரப் போகும் பெண் தொண்டரே பஸ்ஸுக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்து நின்றால், இயக்கம் எப்படி ஊர் ஊராகப் போகும்? முதலில் தொண்டர்கள் கற்றார்கள். அவர்களிடம் கற்றவர்கள் அடுத்த ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பொது இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

எங்கள் ஊர்ப் பொட்டலில் நடந்த பயிற்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாடகைக்கு எடுத்த ஆண்கள் சைக்கிள், சீட்டை இறக்கினாலும் உயரம்தான். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் அத்தை ஏறி உட்கார்ந்தார். கற்றுக்கொடுத்த பெண் அத்தையைவிட மிகவும் சின்னவர், பக்கத்துக் கிராமம். கேரியரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, முன்னால பாருங்க, கீழ பாக்காதீங்க" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். எங்கே கையை விட்டார் என்பது அத்தைக்குத் தெரியவே இல்லை. திரும்பத் தெரியாமல் நேராக வேலிக் கருவையில் போய் முட்டி நின்றார். முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஏறினார்.

பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காத காலம் அது. ஆனால் கிடைத்தபோதும் ஆண்கள் சைக்கிளையே விரும்பிய பெண்கள் இருந்தார்கள். அந்தக் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். கேரியரில் தண்ணீர்க் குடம், ஹேண்டில்பாரில் பை. யாருக்காகவோ செய்த வண்டியைத் தங்கள் வாழ்க்கைக்கு வளைத்துக்கொண்ட அந்தப் பெண்களை ஹேக்கர்கள் என்று அழைப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. மில்டன்பெர்க்கின் கழிப்பறைக் கூட்டை அவர்களிடம் காட்டினால் உடனே புரிந்துகொள்வார்கள்.

கணினிக்கும் இங்கே கூட்டம் சேர்ந்ததுண்டு. 2015 அக்டோபர் 11 அன்று தமிழ் வலைப்பதிவர்கள் புதுக்கோட்டையில் கூடினார்கள். உள்ளூர் ஆசிரியர்கள் பலர் முன்னின்று உழைத்த விழா. ஆனால் அது மண்டபத்தில், ஒரே நாளில் முடிந்துவிட்டது. கூடாரம் போட்டு நான்கு நாள் தங்குவதில்தான் விஷயம் இருக்கிறது. மேடைப் பேச்சு முடிந்த பிறகு, இரவில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியைக் கடித்துச் சீவும்போது கற்கிற பாடம் மண்டபத்தில் கிடைக்காது.

இப்படி ஒரு முகாம் இங்கே நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட இன்னொரு காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் வேதாரண்யம் பக்கம் கரையேறி, ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னையையும் மின்கம்பத்தையும் சாய்த்துப் போட்டது. பல கிராமங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை, போனும் இல்லை. யாரோ கொண்டுவந்த ஒரு ஜெனரேட்டரைச் சுற்றி ஊரே செல்போனோடு நின்றது. சார்ஜ் ஏறிய பிறகும் பேச முடியவில்லை, டவர் செத்துக் கிடந்தது. ஊரில் இருக்கும் பெற்றோரின் நிலை தெரியாமல் சென்னையில் இருந்த பிள்ளைகள் பதறினார்கள். வெட்டவெளியில் மின்சாரமும் தகவல் தொடர்பும் கொண்டுவருவது எப்படி என்று பழகிய இருபது பேர் ஒரு வட்டாரத்தில் இருந்திருந்தால், குறைந்தபட்சம் ஊருக்கு ஊர் வாக்கி டாக்கியாவது பேசியிருக்கும்.

ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னால், ஆவணியில் நடத்தலாம். பொட்டலுக்கும் பந்தல்காரர்களுக்கும் ஜெனரேட்டருக்கும் இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஐ.டி.ஐ. மாணவர்கள், மோட்டார் காயில் கட்டுபவர்கள், செல்போன் பழுதுபார்ப்பவர்கள், மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வுபெற்றவர்கள் எல்லோரையும் கூப்பிட வேண்டும். அறிவொளித் தொண்டர்கள் பலருக்கு இப்போது பேரன் பேத்தி எடுத்த வயது. தெரியாத ஒருவரை ஏற்றி உட்கார வைத்து, பின்னாலேயே ஓடி, சரியான இடத்தில் கையை விடுவது எப்படி என்று முதல் நாள் காலையில் அவர்கள்தான் வகுப்பெடுக்க வேண்டும்.