மேசைமேல் ஒரு பெட்டி

என் மகள் இயங்குபடக் கலையில் இறுதியாண்டு பயின்றுகொண்டிருந்தபோது, மூன்று நிமிடப் படமொன்றை முப்பது நாள்களுக்குள் அளிக்க வேண்டியிருந்தது. உருவம், ஒளி, அசைவு என அவள் செய்ய வேண்டியவை முடிந்துவிட்டன. அவற்றைப் படமாக்கித் தருவது கணினியின் வேலை. ஓரிரவு அவள் தாளில் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் மொத்தம் 4,320 சட்டகங்கள். ஒரு சட்டகத்தை உருவாக்க அவளுடைய மடிக்கணினிக்குப் பதினைந்து நிமிடங்கள் தேவை. இரவு பகல் ஓயாமல் இயங்கினாலும் 45 நாள்கள் ஆகும். தாளை என் பக்கம் நகர்த்திவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

கல்விக் கடனில் வாங்கிய மடிக்கணினி அது; கடன் அடைந்தபாடில்லை. மேசைக்கணினி என்றால் மூடியைத் திறந்து வரைகலை அட்டை ஒன்றைச் செருகிவிடலாம். மடிக்கணினிக்குள் அதற்கு இடமில்லை. "வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம் அப்பா. அதற்கென்றே பெட்டி இருக்கிறது" என்றாள். உள்ளே இருக்க வேண்டிய உறுப்பை வெளியே வைத்து வேலை வாங்குவதா என்று எனக்கு ஐயம். ஆயினும் ஒரு மாத ஊதியத்தின் பெரும்பகுதியை எடுத்துக் கொடுத்தேன்.

பெட்டி வந்தது. தனி மின்வழங்கியும் விசிறியும் கொண்ட அதனுள் அட்டையைப் பொருத்தி, கம்பிவடத்தால் மடிக்கணினியுடன் இணைத்தாள். விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, கணினியோ அப்படியோர் அட்டை இருப்பதாகவே அறியவில்லை. ஒரு மணிநேரம் பொறுத்திருந்த நான், "பணத்தைத் தண்ணீரில் போட்டாயிற்று" என்று சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிழை மிகச் சிறியது. மடிக்கணினியின் பக்கவாட்டில் ஒரே வடிவில் இரண்டு இணைப்புவாய்கள் இருந்தன. ஒன்றனருகில் மட்டும் மின்னல் குறி. அதுவே தண்டர்போல்ட் இணைப்பு. மற்றது சாதாரண யுஎஸ்பி. வடத்தை அவள் மாற்றிச் செருகியதும் அட்டையின் பெயர் திரையில் தோன்றியது. நான் தேநீர் வைக்கும் சாக்கில் அடுக்களைக்குச் சென்றேன்.

அவ்வட்டை அப்படி என்னதான் செய்கிறது? அவளுடைய படத்தின் ஒரு சட்டகத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட படப்புள்ளிகள். கணினியின் மையச் செயலி எத்தகைய சிக்கலையும் அவிழ்க்கவல்ல சில அறிஞர்களைப் போன்றது. வரைகலைச் செயலியோ வயலில் வரிசையாக நின்று நாற்று நடும் பெருங்கூட்டம். ஆளுக்கொரு சிறு வேலை, எல்லாரும் ஒரே நேரத்தில். புள்ளிகளுக்கு நிறம் கணிக்க இக்கூட்டமே ஏற்றது.

ஆனால், அக்கூட்டம் வந்துபோகும் வரப்பு குறுகியது. மேசைக்கணினியில் அட்டைக்குப் பதினாறு தடங்கள் கிடைக்கும். இந்த வடம் தருவது நான்கு தடங்களே. விளையாட்டுகளில் நொடிதோறும் தரவு போய்வருவதால் வேகம் குறையும். படம் மடிக்கணினியின் திரைக்கே திரும்புமானால் இன்னும் குறையும். அதனால் அட்டையிலேயே தனித்திரையை இணைப்பார்கள். விளையாடுவதற்காகவே இதை வாங்க எண்ணும் மாணவர் இருமுறை சிந்திக்கலாம். என் மகளின் வேலை வேறு. காட்சியின் தரவு ஒருமுறை அட்டையின் நினைவகத்துக்குள் போய்விட்டால், கணிப்பெல்லாம் அங்கேயே நடக்கும். பதினைந்து நிமிடம் இரண்டாகக் குறைந்தது. 45 நாள்கள் ஆறாயின.

நான்காம் இரவு மின்சாரம் நின்றது. மடிக்கணினி மின்கலத்தில் உயிரோடிருக்க, பெட்டி அணைந்தது, திரை உறைந்தது. எனக்கு நெஞ்சு பதறியது. அவளோ அமைதியாக, "ஒவ்வொரு சட்டகமும் தனிப்படமாகச் சேமிப்பில் இருக்கிறது அப்பா. நடுவில் நின்ற ஒன்று மட்டும்தான் போயிற்று" என்றாள்.

மின்சாரம் வந்ததும் 2,311ஆம் சட்டகத்திலிருந்து மீண்டும் தொடங்கிவிட்டு உறங்கப் போனாள். விசிறியின் ஓசையைக் கேட்டபடி, எண் 2,312 என்று மாறும்வரை நான் அங்கேயே அமர்ந்திருந்தேன்.