பின்சில்லுக்குள் இருக்கும் பிறேக்

புதிதாக வந்திறங்கிய எம்மவர் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஒரு பழைய கார். எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், ரயரை உதைத்துப் பார்ப்பார்கள். பின்சில்லுக்குள் மூடிக்கிடக்கும் றம் பிறேக்கை யாரும் பார்ப்பதில்லை.

நான் ஓ.எல். உடன் படிப்பை விட்டவன். இப்போது இங்கே தொழிற்சாலையில் வேலை. அதற்கு முன், 2012 முதல் ஆறு வருடம் அபுதாபிக்கு அருகே முசஃபாவில் ஒரு கராஜில் நின்றேன். கராஜும் பட்டறையுமாய் நிறைந்த இடம் அது. வட்டாரங்களை எம் 10, எம் 26 என்று இலக்கத்தால்தான் சொல்வோம். எங்கள் மூத்த மெக்கானிக் பெஷாவர்க்காரர். உஸ்தாத் என்று கூப்பிடுவோம்.

ஒரு வியாழக்கிழமை எங்கள் நாட்டவர் ஒருவர் பழைய ஹைலக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். மறுநாள் பிள்ளைகளுடன் அல் ஐனுக்குப் போய் ஜெபல் ஹபீத் மலை ஏறவேண்டுமாம். "தம்பி, ஹான்ட் பிறேக் பிடிக்குதில்லை. கேபிளை மட்டும் இறுக்கிவிடும், காணும்" என்றார். அது ஐந்து நிமிட வேலை. உஸ்தாத் ஒத்துக்கொள்ளவில்லை. றம்மைக் கழற்றச் சொன்னார்.

றம் துருப்பிடித்து இறுகியிருந்தது. டொயோட்டா றம்களில் இரண்டு மரைத் துளைகள் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ற் இரண்டை மாறிமாறி முறுக்கினால் றம் தானே வெளியே வரும். உள்ளே இருந்த தூசியைக் காற்றடித்து ஊத உஸ்தாத் ஒருநாளும் விடமாட்டார். ஈரத்துணியால்தான் துடைக்கவேண்டும். பழைய லைனர்களில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது, அந்தத் தூசி புற்றுநோயைக் கொண்டுவரும். இடதுபக்க லைனர் ஆணி தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. சிலிண்டர் கசிந்து சூ எண்ணெயில் நனைந்திருந்தது. கேபிளை இறுக்கியிருந்தால் கைக்கு லீவர் இறுகியதுபோலத் தெரிந்திருக்கும். மலைச்சரிவில் வண்டி நின்றிருக்காது. மனிதர் முணுமுணுத்துக்கொண்டுதான் காசு கொடுத்தார்.

நீங்களே பார்ப்பதென்றால் சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்து, ஹான்ட் பிறேக்கை இறக்கிவிடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்ராண்டும் வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் கழற்றவேண்டாம். எந்த ஸ்பிரிங் எங்கே என்று மற்றப் பக்கத்தைப் பார்த்துத்தான் பூட்டலாம். றம்மின் அதிகபட்ச விட்டம் அதிலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்திருந்தால் புதிது வாங்கவேண்டியதுதான்.

சூவைத் தள்ளிவைக்கும் பற்சக்கரம் பல கார்களில் ஹான்ட் பிறேக் இழுக்கும்போதோ, றிவேஸில் மிதிக்கும்போதோ தானாகத் திரும்பும். துரு பிடித்தால் நின்றுவிடும். மிதி ஆழமாகப் போகும். அதைச் சுத்தமாக்கி, றம்மைப் போட்டுக் கையால் சுற்றும்போது லேசாக உரசும்வரை திருப்புங்கள். கேபிளைத் தொடுவது அதற்குப் பிறகுதான். இரண்டு பக்கத்துப் பற்சக்கரங்களையும் மாற்றிப் பூட்டக்கூடாது. பல கார்களில் மரை எதிரெதிர்.

எண்ணெய்க் கசிவு கண்டால் கராஜுக்குக் கொடுங்கள். சிலிண்டர் மாற்றியபின் குழாயிலுள்ள காற்றையும் வெளியேற்றவேண்டும். முதல் தடவை செய்பவர் தனியே செய்யும் வேலையல்ல அது.