நிலையே நினைவு

கணிப்பொறிக்கு மொழி என்பது எழுத்துகளின் வரிசையே, பொருளன்று. ஒரு வரிசை விதிக்கு உட்பட்டதா, அன்றா என்று தீர்ப்பளிக்க எத்துணை நினைவு வேண்டும்? இவ்வினாவை ஆராயத் துணைநிற்பது 'முடிவுறு தன்னியக்கி' என்னும் கருத்து. அதன் வேர்களுள் ஒன்று மூளையை ஆராய்ந்தோரிடம் உள்ளது.

1923ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர் வால்ட்டர் பிட்ஸ். இளமையிலேயே வீட்டைவிட்டு வெளியேறியவர். கணிதமும் தருக்கமும் தாமே பயின்றவர். சிகாகோவில் நரம்பியல் அறிஞர் வாரன் மெக்கல்லக் அவரைத் தம் இல்லத்தில் தங்கச் செய்தார். 1943இல் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நரம்பணு இயங்கும், அன்றேல் இயங்காது என எளிமைப்படுத்திக் கொண்டால், நரம்பணுக்களின் வலை தருக்கத்தைச் செய்யவல்லது என்பதே அதன் சாரம். பிட்ஸுக்கு அப்போது வயது 20.

அவ்வலை எவற்றை இனங்காணவல்லது? கணித அறிஞர் ஸ்டீபன் கிளேனி 1951இல் இதற்கு விடை கண்டார். ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தல், இரண்டில் ஒன்றைத் தெரிதல், வேண்டுமளவு மீள வைத்தல் ஆகிய மூன்றே செயல்களால் அமையும் கோவைகள் எவற்றை விவரிக்குமோ, அவற்றையே அது இனங்காணும். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இதுவே ஒழுங்குக் கோவை. 1968இல் கென் தாம்சன் இதனைக் கணிப்பொறியில் எழுத்துத் தொடர்களைத் தேடும் முறையாக்கினார்.

பொறியின் இயக்கம் யாது? அதற்குக் குறிப்பிட்ட சில நிலைகளே உண்டு. எழுத்தொன்றைப் படித்ததும் விதிப்படி அடுத்த நிலையை அடையும். படித்ததைத் திரும்பிப் பாராது. 'ஒற்றை', 'இரட்டை' என இரு நிலைகள் இருந்தால் போதும். ஆயிரம் எழுத்துகளில் அகரம் இரட்டைப்படையாக வந்ததா என்று பிழையின்றிச் சொல்லும். எத்தனை முறை வந்தது என்பதை மட்டும் சொல்லமாட்டாது.

ஈண்டுதான் அதன் எல்லை புலப்படுகிறது. திறந்த அடைப்புக்குறிகள் அனைத்தும் மூடப்பட்டனவா என்று அதனை வினவுவோம். பத்து நிலைகளை உடைய பொறிக்கு ஒன்று முதல் பதினொன்று வரையிலான திறப்புக் குறிகளைத் தனித்தனியே அளித்தால், வேறுபட்ட இரண்டு எண்ணிக்கைகள் ஒரே நிலையில் வந்து முடிந்தே தீரும். அதன்பின் அவ்விரண்டையும் பிரித்தறிய அதற்கு வழியில்லை. சரியானதற்கும் தவறானதற்கும் ஒரே தீர்ப்பையே வழங்கும். நிலைகளை ஆயிரமாக்கினும் இக்குறை நீங்காது. நினைவுக்கு வரம்பிருப்பின் அறிவுக்கும் வரம்புண்டு என்பதைக் கணிதம் ஐயமற நிறுவுகிறது.

பிட்ஸின் வாழ்வோ துயரில் முடிந்தது. தாம் பெரிதும் மதித்த நோர்பர்ட் வீனர் 1952இல் உறவை முறித்துக்கொண்டபின், மனமுடைந்த அவர் தம் ஆய்வேட்டைத் தீக்கிரையாக்கினார். 1969இல், 46ஆம் வயதில் மறைந்தார். எனினும் அவர் இட்ட வித்து அழியவில்லை. சான்றிதழ் ஏதுமின்றி வந்த ஓர் இளைஞனின் அறிவை இனங்கண்டு, மெக்கல்லக் தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அச்செயலும் இவ்வறிவியல் வரலாற்றில் ஒரு பகுதியன்றோ!