வல்வெட்டித்துறை வீதியில் ஒரு பிறந்தநாள் ஓட்டம்

பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் கரையோர வீதியில் மேற்கு நோக்கி வந்தால், பொலிகண்டி கழிந்ததும் வல்வெட்டித்துறை. ஒரு பக்கம் கடல். மறு பக்கம் மதில்களும் கோயில்களும், இன்னமும் கூரை போடப்படாமல் நிற்கும் சில வீடுகளும். விடியற்காலையில் இந்த வீதியால் வந்தால் கரையில் இழுத்து விட்ட வள்ளங்களையும், வலை பொத்தும் ஆண்களையும், மீன் வாங்கச் சைக்கிளில் வரும் வியாபாரிகளையும் காணலாம். பெண்கள் அந்த நேரத்தில் அடுப்படியில் இருப்பார்கள்.

இது கடலோடிகளின் ஊர். 1930ஆம் ஆண்டு இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி அது அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அயலூரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அவருக்குப் பின் வந்தவர் வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன். 'ஆழிக்குமரன்' என்று ஊர் அவரை அழைக்கும். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், நீந்தியே திரும்பி வந்தவர். 51 மணித்தியாலம் கடலில் கிடந்தார். 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். சிறுபிள்ளைகளுக்குக்கூட இந்தக் கதைகள் தெரியும். ஆனால் இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் பெண்கள் கரையில் நிற்பவர்களாகவே வருகிறார்கள்.

அப்படியானால் இந்த ஊர்ப் பெண்கள் ஓடவில்லையா? ஓடினார்கள். 1987 மே 26ஆம் திகதி வடமராட்சியில் 'ஒப்பரேசன் லிபரேசன்' தொடங்கியபோது கைக்குழந்தைகளோடு ஓடினார்கள். 1989 ஓகஸ்ட் 2 முதல் 4 வரை இந்திய அமைதிப் படையினர் இங்கே 60க்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றபோது ஓடினார்கள். 2004 டிசெம்பர் 26 காலை கடல் ஏறி வந்தபோதும் ஓடினார்கள். எமது பெண்களிடம் "நீங்கள் கடைசியாக எப்போது ஓடினீர்கள்?" என்று கேட்டால் விளையாட்டுப் போட்டியைச் சொல்பவர்கள் குறைவு. அவர்கள் சொல்வது ஓர் இடப்பெயர்வின் பெயராக இருக்கும், அல்லது ஒரு திகதியாக இருக்கும்.

நான் வாரத்தில் இரண்டு நாள் சந்திக்கும் தையல் குழுவில் ஆறு பெண்கள் இருக்கிறார்கள். எல்லோரும் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். அவர்களில் மூத்த அக்காவின் மூத்த மகனைப்பற்றி 2009 மே மாதத்திற்குப் பின் எந்தத் தகவலும் இல்லை. 1987இல் அவர் கரவெட்டிப் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடிய கைக்குழந்தை அவன்தான். அவனுடைய பிறந்தநாளில் ஒவ்வொரு வருடமும் அர்ச்சனை செய்து, ஒரு கேக் வாங்கி, அயல் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அவருடைய சொந்தப் பிறந்தநாள் எப்போது என்று எங்களில் எவருக்கும் தெரியாது. கேட்டால், "எனக்கென்ன பிள்ளை பிறந்தநாள்? மாசி மகத்தை அண்டி எண்டு அம்மா சொல்லுவா" என்பார்.

இடப்பெயர்வுகளில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்களில் அவரும் ஒருவர். ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காகப் பிரதி எடுத்து வந்தபோது பக்கத்து மெசினில் இருந்தவர் திகதியை வாசித்துவிட்டார். வருகிற மாசியில் அக்காவுக்கு அறுபது! (வாசகிகளுக்கு ஒரு சொல்: பிறப்புப் பதிவுப் பிரதியை உங்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் விண்ணப்பித்து எடுக்கலாம். பதிவு இலக்கம் தெரியாவிட்டாலும் பதிவேட்டில் தேடித் தருமாறு விண்ணப்பிக்க முடியும். பிள்ளைகளின் பத்திரங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் எத்தனை தாய்மார் தங்களுடையதை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்!)

என்ன செய்வது என்று பேச்சு எழுந்தது. கேக் வேண்டாம் என்று அக்கா உடனே சொல்லிவிட்டார். கேக் மகனுக்குரியது. அப்போதுதான் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவின் பேச்சு வந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த அவர் 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கப் பதக்கம் பெற்றவர். 800 மீற்றரில் வெண்கலமும் கிடைத்தது. போர் எப்படிப்பட்டது என்று எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத மண்ணிலிருந்து போனவர். "அவ எழுபத்திரண்டிலை ஓடினவ. அக்காவுக்கு அறுபதுதானே" என்றார் குழுவில் இளையவர். பகிடியாகத் தொடங்கியது. அடுத்த வாரம் அக்காவே, "எவ்வளவு தூரம் ஓட வேணும்?" என்று கேட்டார்.

வெளிநாடுகளில் பிறந்தநாளன்று நண்பர்களோடு சேர்ந்து ஓடும் வழக்கம் இருக்கிறது. இங்கிலாந்தில் 2004 ஒக்ரோபர் 2ஆம் திகதி புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய 'பார்க்ரன்' இன்று பல நாடுகளில் சனிக்கிழமைக் காலைகளில் நடக்கிறது. தூரம் 5 கிலோமீற்றர், கட்டணம் இல்லை. இதையெல்லாம்விட எங்கள் குழுவினர் விரும்பிக் கேட்டது பௌஜா சிங்கின் கதையைத்தான். பஞ்சாபில் பிறந்த அந்த விவசாயி 1992இல் மனைவியையும் 1994இல் தன் கண் முன்னாலேயே ஒரு மகனையும் இழந்தார். அந்தத் துயரத்தோடு இருக்க முடியாமல் ஓடத் தொடங்கியவர், 89 வயதில் லண்டனில் முதல் மரதனை ஓடினார். 2011இல் ரொறன்ரோவில் மரதன் ஓடி முடித்தபோது வயது 100. ஆனால் கின்னஸ் புத்தகம் ஏற்கவில்லை. அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை! இதைச் சொன்னபோது அறை முழுதும் சிரித்தது. "பாவம் மனிசன், எங்களைப்போல" என்றார் அக்கா. பௌஜா சிங் 2025 யூலையில் வீதி விபத்தொன்றில் காலமானார்.

வல்வெட்டித்துறைச் சந்தியிலிருந்து தொண்டைமானாறுவரை போவது என்று முடிவாயிற்று. மூன்று, நான்கு கிலோமீற்றர் இருக்கும். மூன்று வாரம் முன்பிருந்தே மாலையில் நடந்து பழகினோம். சலரோகமும் பிறசரும் உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டு வந்தார்கள். இதை நான் கட்டாயப்படுத்தினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வெறும் வயிற்றில் ஓடக்கூடாது. நெஞ்சு நொந்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிற்க வேண்டும். ஒருவருக்குத் தொடையில் இன்னும் செல் துண்டு இருக்கிறது. அவர் நடப்பதென்று தீர்மானித்தார். யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தில் செயற்கைக்கால் பெற்ற இன்னொருவரும் தானும் வரத்தான் வேண்டும் என்று நின்றார். அவரை அரை மணித்தியாலம் முன்னதாக அனுப்புவது என்று பந்தயத்துக்கு விதி எழுதினோம். விளையாட்டுச் சப்பாத்து ஒருவரிடமும் இல்லை. பஞ்சாபி உடுப்பும், பின்னுக்கு வார் வைத்த செருப்பும்தான்.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அன்றும் அப்படித்தான். ஆளுக்கு இரண்டு பிஸ்கற்றும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு, ஐந்தே முக்காலுக்குச் சந்தியில் நின்றோம். முதல் நூறு யார் ஒருவரும் ஓடவில்லை. வெட்கம். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தது. பிறகு அக்காதான் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார்.

ரேவடி கழிந்து சற்றுத் தூரத்தில் ஒரு படலை திறந்தது. வயதான ஐயா ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டியபடி வீதிக்கே வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. "என்ன பிள்ளையள்? என்ன நடந்தது? எங்கை?" என்று கேட்டார். உள்ளே திரும்பி, "எழும்புங்கோ" என்று சத்தமும் போட்டுவிட்டார். பெண்கள் கூட்டமாக இந்த வீதியில் ஓடினால் அதற்கு ஒரு காரணம்தான் இருந்திருக்கிறது, அவருடைய வாழ்நாளில்.

நாங்கள் எல்லோரும் நின்றுவிட்டோம். எவருக்கும் வாய் வரவில்லை. மூச்சு வாங்கியபடி அக்காதான் சொன்னார்: "ஒண்டுமில்லை ஐயா. எனக்குப் பிறந்தநாள்."

அவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பிறந்தநாளோ?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். "விழுந்து கிழுந்து போகாதேங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு ஓட்டம் மாறியது. ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியும். சமூகவியலில் அதற்குச் சொற்கள் உண்டு. அந்தச் சொற்களை இங்கே எழுத விருப்பமில்லை. ஒருவரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். வலப் பக்கம் கடல் வெளுத்துக்கொண்டு வந்தது. பின்னால் சூரியன் வர, எங்கள் நிழல்கள் எங்களுக்கு முன்னால் நீண்டு ஓடின. மோட்டார் சைக்கிளில் போன இரண்டு பெடியள் ஏதோ கத்தினார்கள். இளையவர் திருப்பிக் கத்தினார். அது இந்தப் பத்திரிகையில் அச்சிடக்கூடியதல்ல.

தொண்டைமானாற்றை முதலில் அடைந்தவர் செயற்கைக்கால் அணிந்தவர். பாலத்தடியில் இருந்து கையைத் தட்டினார். அரை மணித்தியாலச் சலுகை கூடிப்போயிற்று என்று உடனே முறைப்பாடு எழுந்தது. அடுத்த முறை இருபது நிமிடம்தான் என்று தீர்ந்தது. அக்கா நான்காவதாக வந்தார். பாதித் தூரம் ஓட்டம், பாதித் தூரம் நடை. வந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் இருந்து, தன் கால்களைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"அவனைத் தூக்கிக்கொண்டு ஓடேக்கை இந்தக் கால் எவ்வளவு கெதியா ஓடினது தெரியுமே" என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றும் அவர் எதிர்பார்க்கவில்லை. சிறிது நேரத்தில் அவரே எழும்பி, கொண்டுவந்த பிட்டுப் பொட்டலங்களை எண்ணத் தொடங்கினார். சந்நிதியானைக் கும்பிட்டுவிட்டு வந்து சாப்பிட்டோம். திரும்பி வர ஓட்டோ பிடித்தோம். ஆளுக்குப் பங்கு போட்டபோது அக்காவின் பங்கை ஒருவரும் வாங்கவில்லை.

அடுத்தது வைகாசியில் வருகிறது, தொடையில் செல் துண்டு உள்ளவருடையது. வைகாசி என்றால் விடிந்தவுடன் வெயில் சுடும், ஐந்து மணிக்கே தொடங்கவேண்டும் என்று பேசிக்கொண்டோம். தனக்கு எத்தனையாம் திகதி என்று அவருக்கு நிச்சயமில்லை. திங்கட்கிழமை இருவருமாகப் பருத்தித்துறைப் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம்.